வாளேந்தாக் கையும் பேசா நாவும்

கொல்லாமையை உயிரினும் மேலாகப் போற்றும் இளைஞன் ஒருவன் சமயக் கல்வியை முடித்துக் குருப்பட்டம் பெறுகிறான். அவ்வேளையில் அவனுடைய நாட்டுப் படைத்துறை அவனை அழைக்கிறது. துப்பாக்கி ஏந்துவதற்கு அன்று. துப்பாக்கி ஏந்துவோர்க்கு இறைமொழி கூறுவதற்கு. அவன் செல்வதா, மறுப்பதா?

இது பொழுதுபோக்குக்காகப் புனைந்த வினா அன்று. இருபதாம் நூற்றாண்டின் இரு பெரும் போர்களிலும், பின்னர் மூண்ட வியட்நாம் போரிலும் மேலைநாட்டுக் குருமார் பலர் இவ்வினாவின் முன் நிற்க நேர்ந்தது. உலகில் படைகள் உள்ளவரை இனியும் பலர் நிற்க நேரும்.

விடை கூறுவோர் இரு சாரார். "செல்க, சாகப்போகும் வீரனுக்கு ஆறுதல் கூறுவது அறமே, குருவின் கையில் வாள் இல்லையே" என்பர் ஒரு சாரார். "செல்லற்க, கொலைக்களத்தில் கால் வைத்தாலே கறை படியும்" என்பர் மறு சாரார். முன்னவர் இரக்கம் உடையவர். பின்னவர் தூய்மை விரும்புபவர். ஆயினும் இரு சாராரும் ஒரே தவற்றைச் செய்கின்றனர். இருவரும் குருவின் கையையே நோக்குகின்றனர். ஒருவர் அது தூயது என்கிறார். மற்றவர் அது கறைபட்டது என்கிறார். நோக்க வேண்டியது அவனுடைய கையை அன்று, நாவை.

ஆங்கிலத்தில் சேப்ளின் என வழங்கும் இப்பதவியைத் தமிழில் படைக்குரு என்னலாம். இது நெடுங்காலப் பழக்கம் உடையது. அமெரிக்கர் தம் விடுதலையை அறிவிப்பதற்கு ஓராண்டு முன்பே, 1775ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அவர்தம் பேரவை படைக்குருவுக்கு ஊதியம் வகுத்தது. பிரிட்டிஷ் தரைப்படையில் குருமார்க்கெனத் தனித்துறை 1796இல் தோன்றியது. 1864ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை, மருத்துவரோடு படைக்குருவையும் போரில் சேராதவராக மதித்தது. 1949ஆம் ஆண்டு உடன்படிக்கையோ, படைக்குரு பகைவரிடம் அகப்பட்டாலும் போர்க்கைதியாகக் கருதப்படார் என்றும், கைதிகளின் சமயத் தேவைக்கு வேண்டிய அளவே நிறுத்திவைக்கப்படலாம் என்றும் வகுத்துரைத்தது. அமெரிக்க, பிரிட்டிஷ் படைகளில் படைக்குரு ஆயுதம் தாங்குவதில்லை. ஆகவே, குருவின் கையில் வாள் இல்லை என்பது முழு உண்மை. அதை மறுத்து வாதிடுவது வீண்.

செல்க என்பார்க்கு இம்மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. 1942 ஜனவரியில் ஜப்பானியப் படை ஜொகூரின் மேற்குக் கரையோரம் இறங்கி வந்தபோது, பத்து பகாட்டில் இருந்த பிரிட்டிஷ் படை பின்வாங்கியது. செங்காராங் அருகே சாலையைப் பகைவர் அடைத்துக்கொண்டனர். வண்டிகளைக் கைவிட்டு, நடக்க இயன்றோர் சதுப்புநிலத்தின் வழியே தப்பிச் சென்றனர். நடக்க இயலாத காயமுற்றோர் விடப்பட்டனர். அவர்களோடு தாமும் தங்க முன்வந்தோருள் ஒருவர் கேம்பிரிட்ஜ்ஷயர் படைப்பிரிவின் குரு நோயல் டக்வொர்த். 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் பிரிட்டிஷ் படகுக்குச் சுக்கான் பிடித்த சிற்றுருவினர் அவர். வென்று வந்த படை காயமுற்றோரைக் கொல்லாதவாறு இடைநின்று காத்தவர் எனப் போற்றப்படுகிறார். பின்னர்க் கோலாலம்பூர்ப் புடு சிறையிலும் சிங்கப்பூர்ச் சாங்கியிலும் அடைபட்டார். 1943இல் சாங்கியிலிருந்து சயாம் மரண இரயில் பாதைக்கு அனுப்பப்பட்ட 7000 கைதிகளுடன் அவரும் சென்றார். அந்த 7000 பேரில் 3000க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இவரைப் போன்றோரைக் காட்டி, "கொல்லாமை பேசுவோனே, நீ இங்கே வீட்டில் இருக்கிறாய், அவர் அங்கே இருந்தாரே" என்று வினவினால் எவர் நாவும் எளிதில் எழாது. எழவும் கூடாது. அன்பர் ஒருவரின் தொண்டைச் சிறுமைப்படுத்தி நிலைநாட்டப்படும் கொள்கை எதுவும் உயர்ந்த கொள்கை ஆகாது. படைதான் அவரைச் செங்காராங்கில் கொண்டு சேர்த்தது என்பதும் உண்மை.

எனினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். செங்காராங்கில் டக்வொர்த் நின்ற நொடியில் அவருடைய படை அங்கே இல்லை. வாழ்த்தி அனுப்புவதற்குப் பீரங்கி இல்லை. அவருடைய சொல்லை அளந்து கொடுக்க மேலதிகாரியும் இல்லை. ஆயுதமற்ற ஒருவர், ஆயுதம் ஏந்தியவரை நோக்கிக் கொல்லாதே என்று வேண்டி நின்றார். அஃது அப்பதவியின் பெருமை அன்று. பதவி உதிர்ந்த பின்னும் எஞ்சி நின்ற மனிதரின் பெருமை. கொல்லாதே என்னும் அச்சொல்லைத் தம் படையை நோக்கியே கூற வேண்டிய நேரம் வந்தால் படைக்குருவால் கூற முடியுமா? வழக்கு இங்கேதான் இருக்கிறது.

அந்த மரண இரயில் பாதை இன்னொன்றையும் நினைவூட்டுகிறது. மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் தமிழர் அதே பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். காலராவும் பசியும் அவர்களைக் கூட்டங்கூட்டமாக வீழ்த்தின. படைக்கைதிகளுக்கு அவர்களுடைய மருத்துவரும் குருவும் உடன் இருந்தனர். இறந்தோர் பெயரைக் குறித்து வைக்க அதிகாரிகள் இருந்தனர். தோட்டத் தமிழர்க்கு அத்தகைய அமைப்பு எதுவும் இல்லை. அவர்கள் சீருடை அணியாதவர்கள். படைக்குரு என்னும் ஏற்பாடு எவ்வளவு இரக்கம் உடையதாயினும், அஃது ஒரு படை தன் மக்களுக்குச் செய்துகொள்ளும் ஏற்பாடே ஆகும். சாவோர் அனைவர்க்குமான அறம் என்று அதைப் புகழ்வது பொருந்தாது.

இனி நாவின் கதைக்கு வருவோர் மூன்று காட்சிகளைக் காணலாம்.

முதற்காட்சி, முதல் உலகப் போர். ஸ்டடர்ட் கென்னடி என்னும் ஆங்கிலக் குரு வீரர்களுக்குச் சிகரெட்டு வழங்கி அன்பாகப் பழகியதால் 'உட்பைன் வில்லி' என்று அவர்களால் அழைக்கப்பட்டார். 1917இல் குண்டுமழைக்கு இடையே காயமுற்றோர்க்கு உதவி வீரப்பதக்கமும் பெற்றார். இத்தகைய நல்லவரைத்தான் படை, துப்பாக்கிமுனை ஈட்டியால் குத்தப் பயிற்றுவோருடனும் குத்துச்சண்டை வீரருடனும் சுற்றி வரச் செய்து, போரூக்கம் ஊட்டும் உரைகளை நிகழ்த்த வைத்தது. போர் முடிந்தபின் அவரே போரைப் பாவம் என்று கண்டித்தார். கண்டனம் பிறந்தது, ஆனால் ஈட்டிப் பயிற்சி முடிந்து, குத்தப்பட்டோர் புதைக்கப்பட்ட பின்னர்ப் பிறந்தது.

இரண்டாம் காட்சி, 1945. பசிபிக் கடலின் தினியன் தீவு. அங்கிருந்த அமெரிக்க வானூர்திப் படையின் கத்தோலிக்கக் குரு ஜார்ஜ் ஜபெல்கா. ஹிரோஷிமா மீதும் நாகசாக்கி மீதும் அணுகுண்டு வீசச் சென்ற படைப்பிரிவினர்க்கு அவர் ஆன்மிக வழிகாட்டி. நாகசாக்கி ஜப்பானியக் கத்தோலிக்கரின் தாயகம். ஆகஸ்ட் 9ஆம் நாள் குண்டு வெடித்தது ஊராகாமிப் பேராலயத்துக்கு அண்மையிலேதான். தீக்குண்டு வீசச் சென்ற விமானி ஒருவர் உள்ளம் நொறுங்கி மருத்துவமனையில் கிடந்ததையும் ஜபெல்கா கண்டார். தாழப் பறந்தபோது தெரு நடுவே நின்று விமானத்தை வியப்புடன் அண்ணாந்து பார்த்த சிறுவன் ஒருவனை அவ்விமானி மறக்க இயலவில்லை. குரு ஆறுதல் கூறினார். ஆனால், படைக்கலம் ஏந்தாத மக்களைக் கொல்லுதல் தகாது என்று அக்கொலையைச் செய்துகொண்டிருந்தோர்க்கு ஒரு நாளும் அவர் போதித்தாரில்லை. பல்லாண்டு கழித்து இதை ஒப்புக்கொண்டவர் அவரே. பின்னாளில் கொல்லாமையைத் தம் நெறியாகக் கொண்டார், 1980களில் ஜப்பான் சென்று மன்னிப்பும் வேண்டினார், 1992இல் மறைந்தார்.

ஜபெல்காவைக் கோழை என்று எவரும் கூற முடியாது. தம் பிழையை உலகறியச் சொல்வதற்கு எத்துணைத் துணிவு வேண்டும்! அவ்வளவு துணிவுள்ள ஒருவரின் நாவே சீருடைக்குள் இருந்தபோது அசையவில்லை என்றால், குறை அவருடைய நெஞ்சுரத்தில் இல்லை; அவர் அமர்ந்திருந்த இடத்தில் இருக்கிறது. அவர் பொய் பேசவில்லை. எவரும் அவரை அச்சுறுத்தவும் இல்லை. ஒன்றாக உண்டு, ஒன்றாக உறங்கி, ஒரே கொடியை வணங்குவோர் நடுவே அந்த ஒரு சொல் மட்டும் வெளிவரவில்லை.

மூன்றாம் காட்சி, வியட்நாம். 1968 மார்ச் 16ஆம் நாள் மை லாய்ச் சிற்றூரில் அமெரிக்கப் படையினர் பெண்டிரையும் சிறாரையும் முதியோரையும் சுட்டு வீழ்த்தினர். இறந்தோர் 347 பேர் என்பது அமெரிக்கப் படையின் கணக்கு. 504 பேர் என்பது வியட்நாமியர் கணக்கு. ஹெலிகாப்டர் விமானி ஹியூ தாம்சன் இடையே இறங்கிச் சிலரைக் காப்பாற்றினார். தாம் கண்டதை மேலதிகாரிகளிடம் முறையிட்டார். படைக்குரு ஒருவரிடமும் கூறினார். அக்குரு தமக்கு மேலிருந்த குருவிடம் கூறினார். மேலிருந்தவர் அதிகாரிகளிடம் வினவினார். விசாரணை நடக்கும் என்ற சொல்லோடு அமைந்தார். செய்தி அதற்குமேல் நகரவில்லை. ஓராண்டுக்குப் பின், படைப்பணி முடிந்து வெளியேறிய ரொனால்ட் ரைடனவர் என்னும் இளைஞர் எழுதிய கடிதங்களும், 1969 நவம்பரில் ஒரு செய்தியாளர் எழுதிய கட்டுரையுமே உண்மையை ஊரறியச் செய்தன.

இக்காட்சியின் பாடம் கசப்பானது. ஆயுதம் தாங்கிய விமானி வாய் திறந்தார். ஆயுதம் தாங்காத குருமார் வழிமுறை பார்த்தனர். அவர்கள் கொடியவர்கள் அல்லர். தம் பதவிக்குரிய ஒழுங்கின்படியே நடந்தனர். அந்த ஒழுங்கேதான் பூட்டு. உண்மை வெளிப்பட்டது, பூட்டுக்கு வெளியே நின்ற ஒருவரால்.

இங்கே ஒரு மறுப்பு எழும். டெஸ்மண்ட் டாஸ் என்னும் அமெரிக்க வீரர் துப்பாக்கியைத் தொடவும் மறுத்தவர். மருத்துவத் துணைவராக 1945இல் ஒக்கினாவாப் போரில் ஏறத்தாழ 75 பேரைக் காப்பாற்றி, அந்நாட்டின் மிக உயர்ந்த வீரப்பதக்கம் பெற்றார். சீருடை அணிந்தே அவர் தம் நெறியைக் காத்தாரே. குருவால் மட்டும் ஏன் இயலாது?

மருத்துவத் துணைவரின் கருவி கை. குருவின் கருவி சொல். குருதியை நிறுத்துவதற்கு எவர் அனுமதியும் வேண்டா. கட்டுப்போட்ட கை அப்போது எதையும் மறைப்பதில்லை. குருவோ சொல்லாலேயே பணியாற்றுபவன். சொல்லில் ஒரு பாதியை வெளியே வைத்துவிட்டு மறு பாதியை மட்டும் பேசுவானாயின், அவனுடைய கருவியே முறிந்துவிடுகிறது. "அஞ்சாதே, இறைவன் உன்னோடு இருக்கிறான்" என்பது ஒரு பாதி. "நீ கொல்லப் போகிறவனோடும் அவன் இருக்கிறான்" என்பது மறு பாதி. முதற்பாதியை மட்டும் கேட்டு வானூர்தி ஏறுபவன், தன் செயலுக்கு இறைவனின் ஒப்புதல் கிடைத்ததாக எண்ணினால் பிழை அவனுடையதா?

இதனால் மருத்துவத் தொண்டு கறையற்றது என்று கூறுவதாகக் கொள்ளுதல் கூடாது. காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில், போயர் போரின்போது, ஏறத்தாழ 1100 இந்தியரைத் திரட்டிக் காயமுற்றோரைத் தூக்கும் அணி அமைத்தார். ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றிருந்த தமிழரும் அவ்வணியில் இருந்தனர். பிற்காலத்தில் அவரே, போரில் காயமுற்றோரைப் பேணுபவரும் போரின் குற்றத்திலிருந்து விடுபடார் என்று எழுதினார். வரி செலுத்துபவனும் அக்குற்றத்திலிருந்து விடுபடான். கறையே படாத கை இவ்வுலகில் அரிது. ஆகவேதான், தூய்மை பேசி ஒதுங்குவோரின் வாதமும் நில்லாது. கை தூயதாக இருக்க முடியாத உலகில் நாவேனும் கட்டற்று இருக்க வேண்டும்.

தமிழ் கற்றோர் இன்னொரு மறுப்பை எழுப்பக்கூடும். வள்ளுவர் கொல்லாமையையும் பாடினார், படைமாட்சியையும் படைச்செருக்கையும் பாடினார். ஆகவே இரண்டும் ஒருவனிடம் பொருந்தும் என்பர். நூலின் அமைப்பைப் பார்த்தவர் அவ்வாறு கூறார். கொல்லாமை 33ஆம் அதிகாரம். அது நிற்பது அறத்துப்பாலில், துறவறவியலில். படைமாட்சி 77ஆம் அதிகாரம், படைச்செருக்கு 78ஆம் அதிகாரம். அவை நிற்பது பொருட்பாலில், அரசின் உறுப்புகளைப் பேசும் இடத்தில். படை வேண்டும் என்று அரசனுக்குச் சொன்னவர், அப்படையை வாழ்த்தி அனுப்பத் துறவியை அழைத்தாரில்லை. துறவிக்கு ஓரிடம், படைக்கு ஓரிடம் என்று வகுத்து வைத்தார். படைக்குரு என்னும் பதவி அவ்விரண்டையும் ஒரே சட்டைக்குள் திணிக்கிறது.

சங்கப் புலவரோ அரசன் சோற்றை உண்டும் அரசனை இடித்துரைத்தனரே என்றும் வினவலாம். நல்ல வினா. சோழன் நலங்கிள்ளியின் பரிசில் பெற்றவர் கோவூர்கிழார். நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் முற்றுகையில் நின்றபோது, இருவரும் ஒரே குடியினர் என்று எடுத்துக்காட்டிப் போரைத் தணிக்க முயன்றார். கிள்ளிவளவன் மலையமானின் மக்களை யானைக்காலில் இடத் துணிந்தபோது, அக்குழந்தைகளுக்காகப் பேசினார். அவருடைய நாவைப் பரிசில் பூட்டவில்லை. ஏனெனில் அவர் எந்த அரசனின் ஆணைக்கும் கீழ்ப்பட்டவர் அல்லர். இன்று இவ்வரண்மனை, நாளை அவ்வரண்மனை என்று நடக்கும் கால்கள் அவருக்கு இருந்தன. சோறு இட்டவன் யார் என்பதன்று சிக்கல். கட்டளை இடுபவன் யார் என்பதே.

இறுதி மறுப்பு ஒன்று உண்டு, அதுவே வலியது. கொல்லாமையாளர் ஒதுங்கிவிட்டால் போரை விரும்பும் குருமாரே படையை நிரப்புவர். வீரன் மேலும் கெடுவான் என்பது அது. இதற்கு விடை, வீரனைக் கைவிடுவது அன்று. பதவியின் அமைப்பை மாற்றுவது. அது நடவாத கனவு என்பார்க்கு நடைமுறையே சான்று. நாஜி ஆட்சியின் கொடுமையைக் கண்ட ஜெர்மனியில் 1957இல் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அதன்படி அங்குள்ள படைக்குரு படைத்தரம் எதுவும் பெறுவதில்லை. அரசு ஊதியம் பெறினும், தம் சமயப் பணியில் அவர் திருச்சபைக்கே கட்டுப்பட்டவர், படைத்தலைவருக்கு அல்லர். பிரிட்டிஷ் கடற்படையிலும் குருவுக்குப் படைத்தரம் இல்லை. எவரோடு பேசுகிறாரோ அவருடைய தரமே தம் தரம் எனக் கொள்ளும் மரபு உண்டு. தோளில் ஏறும் பட்டை நாவை அழுத்தும் என்பதைப் படைகளே ஓரளவு உணர்ந்துள்ளன என்பதற்கு இவை போதும்.

ஆகவே அவ்விளைஞனுக்குரிய விடை தெளிவானது. மூன்று வினாக்களை அவன் படைத்துறையிடம் எழுதிக் கேட்கட்டும். தோளில் தரப்பட்டை இன்றிப் பணியாற்ற இசைவு உண்டா? பணியில் தன்னை நியமிக்கவும் கண்டிக்கவும் திரும்ப அழைக்கவும் தன் சமயத்தாருக்கே உரிமை உண்டா? படைக்கலம் ஏந்தாதவர் கொல்லப்பட்டதை அறிந்தால் மேலதிகாரியின் ஒப்புதலுக்குக் காத்திராமல் ஊரறியச் சொல்லலாமா? மூன்றுக்கும் ஆம் என்னும் விடை வந்தால் அவன் செல்லட்டும். செங்காராங்கில் நின்றவரைப் போல் நிற்கட்டும். ஒன்றுக்கேனும் இல்லை என்னும் விடை வந்தால் பதவியை மறுக்கட்டும்.

பதவியை மறுத்தல் வீரனை மறுத்தல் ஆகாது. போர்முனையிலிருந்து கையிழந்தும் காலிழந்தும் திரும்புவோர் உள்ளனர். உறக்கத்தில் அலறுவோர் உள்ளனர். அண்ணாந்து பார்த்த சிறுவனை மறக்க இயலாதோர் உள்ளனர். மருத்துவமனையின் வாயிலும் அவர்கள் இல்லத்தின் வாயிலும் எவருக்கும் அடைபட்டில. அங்கே செல்வதற்குச் சீருடை வேண்டா. 1914இல் குவேக்கர் சமயத்தார் தொடங்கிய ஆம்புலன்ஸ் அணியில், போரை மறுத்த இளைஞர் பலர் ஆயுதமின்றி, படைவீரராகப் பெயர் பதியாமல், போர்முனைக்கே சென்று பணியாற்றினர். உள்ளம் இருந்தால் வழியும் உண்டு.

கொல்லாமை அதிகாரத்தை வகுப்பில் நடத்தும் ஆசிரியர் பலர். சொற்பொருளும் அணியும் கூறித் தேர்வு வினாவுக்கு ஏற்ற விடையையும் எழுதச் செய்வர். அன்று ஒரு நாள், அவ்விளைஞனின் வினாவையும் மாணவர் முன் வைத்தல் நலம். செல்வான் என்று எழுதும் மாணவனும் மறுப்பான் என்று எழுதும் மாணவனும் அவ்வகுப்பில் இருப்பர். எதை எழுதினாலும் குற்றமில்லை. ஆனால், அண்ணாந்து நின்ற அச்சிறுவனுக்கு அந்தக் குரு என்ன விடை கூறுவான் என்பதையும் சேர்த்து எழுதுமாறு ஆசிரியர் கேட்டல் வேண்டும்.